வாரேன் என்று சொன்ன மிளா

ஒரு காட்டில் ஒரு கேட் இருந்தது.

காட்டுக்கு எதற்குக் கேட் என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் இருந்தவர்களே கேட்கவில்லை. உண்ணிமலைக் காடு என்று அதற்குப் பேர். மரம் உண்டு, பாறை உண்டு, உண்ணிச்செடி உண்டு, செடிக்குள் உண்ணியும் உண்டு. நடுவில் கல்லாத்துக் கசம் என்று ஒரு ஆழமான தண்ணீர்க் கிடங்கு. கோடையில் ஓடையெல்லாம் வெறும் மணலாகக் கிடந்தாலும் கசம் மட்டும் வற்றாது. காட்டிலுள்ள அத்தனை உயிரும் அதில்தான் வாய் வைக்கும்.

நல்லபடியாக இருந்த அந்தக் காட்டுக்கு ஒரு மரநாய்தான் முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது.

இந்த மரநாய் ஒருமுறை ஊர்ப்பக்கம் போயிருந்தது. காப்பித் தோட்டத்தில் பழம் தின்று தான் கழித்துவிட்டு வந்த கொட்டையை ஊர்க்காரர்கள் பொறுக்கி, கழுவி, வறுத்து, பொடியாக்கி, கண்ணாடிக் குப்பியில் அடைத்து விற்பதை அங்கே கண்ணால் பார்த்தது. வாங்குகிறவர்கள் அதை மோந்து பார்த்து, ஆகா என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். மரநாய்க்கு அந்த இடத்திலேயே புத்தி தெளிந்துவிட்டது. இதையே விற்கலாம் என்றால் மிச்சத்தை ஏன் விற்கக்கூடாது?

திரும்பி வந்ததும் காட்டுச் சுற்றுலா வளர்ச்சிக் குழு என்று ஒன்றைத் தொடங்கி, தானே செயலாளர் ஆகிக்கொண்டது. தலைவர் யானை. யானை கூட்டத்தில் உட்கார்ந்தவுடன் தூங்கிவிடும். தூங்கும்போது தலை ஆடும். தலை ஆடினால் சம்மதம் என்று அர்த்தம்.

ஊரிலிருந்து மாடுகள் வந்தன, ஆடுகள் வந்தன, மாடிவீட்டு நாய்கள் கழுத்துப் பட்டையோடு வந்தன. எதற்கு வந்தன? நடப்பதற்கு. காட்டுக்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை.

"தண்ணிக்கா நடக்காங்க?" என்று கேட்டது ரத்தினம் என்கிற காட்டுப்பன்றி.

"இல்ல," என்றது மரநாய்.

"மேயவா?"

"அதுவும் இல்ல."

"யாரும் துரத்துதாங்களோ?"

"யாரும் துரத்தல. சும்மா நடக்காங்க. அதுக்குப் பேரு ட்ரெக்கிங்கு."

"பாவம். வீட்ல என்ன கஷ்டமோ," என்றது ரத்தினம்.

கொஞ்ச நாளில் எல்லோருக்கும் ஒவ்வொரு வேலை கிடைத்தது. கரடியின் குகைக்குத் தேன்கூடு காட்டேஜ் என்று பேர் வைத்து வாடகைக்கு விட்டார்கள். கரடி வெளியே மரத்தடியில் படுத்துக்கொண்டு, உள்ளே போகிறவர்களுக்குக் கும்பிடு போட்டது. முள்ளம்பன்றி தன் உதிர்ந்த முள்ளை நினைவுப்பொருளாக விற்றது. உதிர்ந்தது தீர்ந்ததும் உதிராததைப் பிடுங்கி விற்றது. கீச்சுக்குரல் குரங்கு ஒன்று வழிகாட்டி ஆனது. தெரியாததையும் நிறுத்தாமல் பேச வரும் என்பதால் அந்த வேலைக்கு வேறு யாரையும் யோசிக்கவே இல்லை.

எந்த வேலையிலும் ஒட்டாமல் போனது மாடத்தி ஒருத்திதான்.

மாடத்தி ஒரு மிளா. மிளா என்றால் நல்ல பருமனான மான். உடம்புதான் பெரிதே தவிர மாடத்திக்குக் குரலே கிடையாது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் இரண்டு காதும் தொங்கிவிடும். செல்லி என்று பால்குடி மறக்காத ஒரு குட்டி. குட்டியைப் பார்த்து யாராவது பேர் கேட்டாலும் தாய்தான் வெட்கப்படும்.

அதற்கும் மரநாய் ஒரு வேலை கொடுத்துத்தான் பார்த்தது. கசத்துக்கு அக்கரையில் ஒரு பாறை. அதற்குப் பார்வை மேடை என்று பேர். காலையில் அதன்மேல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இக்கரையில் இருந்து ஊர் ஜனம் படம் எடுத்துக்கொள்ளும். சம்பளம் ஒரு கட்டி உப்பும் ஒரு வாளித் தண்ணீரும்.

"தண்ணி கசத்துலயே கெடக்கே," என்று மாடத்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

"இன்னைக்குக் கெடக்கு," என்றது மரநாய்.

மாடத்தி போய் நின்றது. நின்ற சற்றுநேரத்தில் ஒரு மாடிவீட்டு நாய், "இந்தப் பக்கம் பாருங்க மேடம், லேசாச் சிரிங்க," என்றது. அவ்வளவுதான். மாடத்தி பாறையிலிருந்து குதித்து, பாறைக்குப் பின்னால் ஊர் ஜனம் போட்டிருந்த கூடாரத்தின் கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு, மூன்று குடும்பத்தின் சாப்பாட்டைக் கவிழ்த்துவிட்டு, உண்ணிச்செடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. அத்தோடு வேலை போயிற்று.

வேலை போனதில் அதற்கு வருத்தமில்லை. கேட் வந்தபோதுதான் வருத்தம் வந்தது.

கசத்தைச் சுற்றிக் கரன்ட் வேலி போட்டார்கள். போய்வர ஒரே ஒரு கேட். கேட்டில் ஒரு போர்டு: வருவோருக்கு மட்டும். காட்டுக்காரர்கள் குடிக்கும்போது உறிஞ்சுகிற சத்தம் ரொம்பக் கேட்கிறதாம், கலக்கியும் விடுகிறார்களாம், ஊர்ப் பசு ஒன்று முகம் சுளித்துவிட்டதாம். காட்டுக்காரர்கள் மேட்டுக்கு அந்தப்பக்கம் உள்ள ஓடையில் குடித்துக்கொள்ளலாம். அந்த ஓடை மாசியிலேயே வற்றிவிடும் என்பதைப் போர்டில் எழுத இடம் போதவில்லை. வேலைக்கு நிற்கிறவர்களுக்கு மட்டும் சாயங்காலம் ஆளுக்கொரு வாளி வந்துவிடும். அதனால் அவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

கேட்டுக்குக் காவல் உடும்பு. இசக்கி என்று பேர். மாடத்தி படுக்கிற இடத்துக்குப் பக்கத்துப் பொந்துதான் அதற்கு. தூணை ஒருமுறை பிடித்தால் விடாது, சொன்னதையும் விடாது, அதற்காகவே பார்த்துப் போட்ட ஆள். மரநாய் அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இவ்வளவுதான். கேட்டுக்கு வருகிற யாராக இருந்தாலும், உள்ளே இருந்து வந்தாலும் வெளியே இருந்து வந்தாலும், "வாரீங்களா, போறீங்களா?" என்று கேட்க வேண்டும். வாரேன் என்றால் காதில் ஒரு மஞ்சள் வில்லையை மாட்டி, வலதுபக்கம் ஒரு கல்லைப் போட்டு, திறந்துவிட வேண்டும். வில்லை ஏற்கெனவே இருந்தால் கல் மட்டும். போறேன் என்றால் வில்லையைக் கழற்றிவிட்டு, இடதுபக்கம் ஒரு கல்.

"போறேன்னு சொன்னவங்கள திரும்ப உள்ள சேர்க்காத," என்றும் மரநாய் சொல்லியிருந்தது. "மனக்கசப்போட போறவங்கதான் அப்படிச் சொல்வாங்க. திரும்ப வந்தா நாலு பேரைக் கெடுப்பாங்க."

வலதுபக்கம் கல் குவிந்தது. குவிந்து மேடானது. மேடு குன்றானது. மரநாய் அதற்கு வளர்ச்சிக் குன்று என்று பேர் வைத்து, உச்சியில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள இடம் ஒதுக்கியது. இடதுபக்கம் ஒரு கல்கூட இல்லை. அங்கே எறும்பு புற்று கட்டியிருந்தது.

"பாத்தீங்களா, வந்தவங்க யாருமே போகல," என்று மரநாய் கூட்டத்தில் சொல்லும். யானை தலையாட்டும்.

மாசி பிறந்தது. மேட்டு ஓடை மணலானது. மாடத்தி கொஞ்சநாள் புல்லிலிருந்த பனியை நக்கிப் பார்த்தது. நெல்லிக்காயை மென்று பார்த்தது. மடி சுருங்கிவிட்டது. செல்லி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல், தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அப்படி நிற்பதற்குப் பதில் அழுதாலாவது பரவாயில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு மரநாயிடம் போனது.

"குட்டிக்கு மட்டுமாவது..." என்று தொடங்கி அதற்குமேல் வரவில்லை.

"மாடத்தி, இதெல்லாம் யாருக்காகச் செய்றேன்?" என்றது மரநாய். "உங்களுக்காகத்தான். வர்றவங்க வந்தாத்தான் காடு முன்னேறும். காடு முன்னேறினா உங்களுக்குத் தண்ணி."

"எப்ப முன்னேறும்?"

"முன்னேறிட்டுத்தானே இருக்கு. குன்றைப் பாக்கலையா?"

மாடத்தி குன்றைப் பார்த்தது. நல்ல உயரமாகத்தான் இருந்தது.

இனி இங்கே இருந்து பயனில்லை என்று அதற்குப் பட்டுவிட்டது. குட்டியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப்புறம் எங்காவது போய்விட வேண்டியதுதான். வழியில் சிறுத்தை இருக்கும், ரோடு இருக்கும், ரோட்டில் லாரி இருக்கும். குட்டி அவ்வளவு தூரம் தாங்குமா என்றும் தெரியாது. ஆனால் இருந்தால் தாங்காது என்று நிச்சயமாகத் தெரியும்.

கிளம்புகிறவர்கள் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. யாரிடம் சொல்ல? மைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற காட்டுப்பன்றி ரத்தினம் வேலைக்குப் போயிருந்தது. ஊர் ஜனத்துக்கு ட்ரெக்கிங் பாதையில் முன்னால் ஓடி உண்ணியைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிற வேலை. மிச்சம் இருந்தது பக்கத்துப் பொந்து உடும்புதான். மாடத்தி குட்டியோடு கேட்டுக்கு வந்தது.

"வாரீங்களா, போறீங்களா?" என்று கேட்டது இசக்கி.

போறேன் என்று சொல்ல வேண்டியதுதான் நியாயம். ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். போறேன் என்று சொன்னால் திரும்பாத போக்கு என்று அர்த்தம். அதுவும் பச்சைப்பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு எந்தத் தாய் சொல்லுவாள்?

"சரிண்ணே," என்றது மாடத்தி, வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு. "நானும் பிள்ளையும்... வாரோம்."

இசக்கி ஒரு விநாடி அதைப் பார்த்தது. பிறகு பெரிய மஞ்சள் வில்லை ஒன்றும் சின்ன வில்லை ஒன்றும் எடுத்து தாய் காதிலும் குட்டி காதிலும் மாட்டியது. வலதுபக்கம் இரண்டு கல்லைப் போட்டது. கேட்டைத் திறந்தது.

"அண்ணே, நான் சொல்லவந்தது..."

"வாரோம்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"சொன்னா உள்ள போ. பின்னால ஆள் நிக்காங்க."

அது கண்ணைச் சிமிட்டியதா, அல்லது உடும்புக் கண்ணே அப்படித்தானா என்று மாடத்திக்குக் கடைசிவரை தெரியவில்லை.

உள்ளே கசம் பச்சைப்பசேல் என்று கிடந்தது. கரையில் வழவழவென்று கல் பதித்திருந்தார்கள். செல்லி முன்னங்காலைப் பரப்பிக்கொண்டு குடித்தது, குடித்தது, மூச்சு விட மறந்து குடித்தது. மாடத்தியும் குனிந்தது. உறிஞ்சுகிற சத்தம் வந்துவிடக்கூடாதே என்று உதட்டை இறுக்கிக்கொண்டு குடித்தது.

பக்கத்தில் ஒரு ஊர்ப்பசு. பேர் சரோஜினி. அதன் காதில் ஊரிலேயே போட்ட மஞ்சள் வில்லை ஒன்று, இங்கே போட்டது ஒன்று, ஆக இரட்டை மரியாதை.

"நீங்க எந்த ஊரு?" என்றது சரோஜினி.

"இந்த ஊருதான்."

பசு தாடை குலுங்கச் சிரித்தது. "அழகாச் சொன்னீங்க. எனக்கும் இங்க வந்தா அப்படித்தான் இருக்கு, பொறந்த ஊருக்கு வந்த மாதிரி."

அப்போது வழிகாட்டிக் குரங்கு ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. "சத்தம் போடாதீங்க. இந்த இடத்துக்குத்தான் மிளா தண்ணி குடிக்க வரும். ரொம்பக் கூச்ச சுபாவம். ராசி இருந்தாத்தான் கண்ணுல படும்."

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடத்தியின் தலைக்கு மேலாக அக்கரைக் காட்டைப் பார்த்தது. மாடத்தியும், மரியாதைக்காக, திரும்பிப் பார்த்தது.

"அந்தா நிக்குதே மிளா," என்றது ஒரு கன்றுக்குட்டி.

"சும்மா இரு. அது டூரிஸ்ட்டு," என்றது அதன் தாய். "காதுல வில்லையைப் பாரு."

வெளியே வரும்போது இசக்கி மறுபடி கேட்டது: "வாரீங்களா, போறீங்களா?"

"வாரோம்ணே."

வலதுபக்கம் இரண்டு கல். அப்போதுதான் மாடத்தி கவனித்தது. தனக்கு முன்னால் வெளியே போன ஆடு, "வாரேங்க," என்றது. ஒரு கல். அதற்குப் பின்னால் வந்த சரோஜினி, "அப்ப நான் வரட்டா?" என்றது. ஒரு கல். உள்ளே வரும்போதும் வாரேன். வெளியே போகும்போதும் வாரேன். எல்லோருமே நல்ல வளர்ப்பு. வளர்ச்சிக் குன்று எப்படி வளர்ந்தது என்று கூச்சக்கார மிளாவுக்கு அன்றைக்கு விளங்கிவிட்டது. விளங்கினாலும் யாரிடமும் சொல்லவில்லை. யார் கேட்டார்கள்?

ஆனால் ரத்தினம் விடுமா? மூன்றாம் நாளே மோந்து பிடித்துவிட்டது.

"ஏ மைனி, மடியில பால் கட்டி நிக்கி. குட்டி வேற துள்ளுது. எங்க குடிச்ச?"

மாடத்தி காதைத் திருப்பி வில்லையைக் காட்டியது.

"ஆத்தாடி, வெளியூர்க்காரி ஆயிட்டியா? என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல மைனி. போய்ட்டு வாரேன்னுதான் சொன்னேன்."

ரத்தினம் உண்ணி ஏற்றிக்கொள்கிற வேலையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கேட்டுக்கு நடந்து, "அண்ணாச்சி, வாரேன்," என்றது. அடுத்தநாள் கரடி வந்தது. முள்ளம்பன்றி, மொட்டை முதுகோடு, வந்தது. காட்டுக்கோழி குஞ்சுகளோடு வந்தது. குரங்குகூட ஓய்வுநேரத்தில் ஒரு வில்லை மாட்டிக்கொண்டு, தான் சொல்கிற விளக்கத்தைத் தானே கேட்டு ஆச்சரியப்பட்டது. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் சத்தமில்லாமல் உறிஞ்சினார்கள். காட்டில் விலங்கு என்று ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் டூரிஸ்ட்டு.

ஊர் ஜனம் முணுமுணுக்கத் தொடங்கியது. "காடுன்னு கூட்டிட்டு வந்தீங்க. ஒரு மிருகத்தைக் காணோம். எங்க திரும்பினாலும் எங்கள மாதிரியே ஆளுங்க," என்று சரோஜினி நேரில் வந்து சொல்லிவிட்டது.

மரநாய் கேட்டுக்கு ஓடிவந்தது. வரிசையைப் பார்த்தது. வரிசையின் முதலில் மாடத்தி, குட்டியோடு.

"மாடத்தி. நீ உள்ளூர்தானே?"

அத்தனை முகமும் திரும்பியது. மாடத்தியின் காது தொங்கியது. "ஆமாங்க."

"இசக்கி, இதுங்க வில்லையெல்லாம் கழட்டு."

"கழட்டலாம்," என்றது உடும்பு, தூணை விடாமல். "போறேன்னு சொன்னாத்தான் கழட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதை மாத்தியாச்சு. உள்ளூர்க்காரங்க வாரேன்னா அது கணக்கில்ல."

"அப்ப வெளிய போறவங்க சொல்ற வாரேனும் கணக்கில்லதானே. இந்தக் குன்றுல பாதியக் கலைக்கணும். கலைக்கவா?"

மரநாய் குன்றை நிமிர்ந்து பார்த்தது. உச்சியில் ஒரு நாய்க் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் பக்கத்துக் காட்டுப் பிரமுகர்கள் அந்தக் குன்றைப் பார்க்க வருவதாக இருந்தது. மரநாயின் குரல் பாகு மாதிரி ஆகிவிட்டது.

"மாடத்தி, ஒரே ஒரு வார்த்தை. போறேன்னு சொல்லிரு. உன்னைப் பாத்து மத்தவங்களும் சொல்லிருவாங்க. பார்வை மேடை வேலை உனக்குத்தான். தினம் ஒரு வாளி."

"ஒரு வாளி எங்க ரெண்டு பேருக்கும் பத்தாதுங்க."

"அப்புறம் பாத்துக்கலாம். சொல்லு."

மாடத்தி குட்டியைப் பார்த்தது. குட்டி கேட்டுக்குள்ளே தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடத்தியின் தலை நிமிர்ந்துவிட்டது.

"என் வாயால அந்த வார்த்தையச் சொல்ல மாட்டேங்க. பிள்ளைய வச்சிருக்கேன்."

"அவ எப்படிய்யா சொல்லுவா?" என்றது பின்னாலிருந்து ரத்தினம். "உமக்கு ஒரு பிள்ளை குட்டி இருந்தா நீரு சொல்லுவீரா?"

மரநாய்க்குத் தலைக்கேறிவிட்டது. "ஒண்ணுமில்லாம கெடந்த காட்டை நாலு பேருக்குத் தெரிய வச்சேன். வேலை குடுத்தேன், வாளி குடுத்தேன். கடைசில என்னையே கேள்வி கேக்கீங்களா? உங்க காட்டை நீங்களே வச்சுக்கோங்க. நான் போறேன்."

மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது.

உடும்பு மெதுவாகக் குனிந்து ஒரு கல்லை எடுத்தது. இடதுபக்கம் எறும்புப் புற்றை ஒட்டி, எறும்புக்கு அடிபடாமல், வைத்தது. பிறகு மரநாய் தனக்கென்று தனியாகச் செய்து காதில் மாட்டியிருந்த தங்கநிற வில்லையைக் கழற்றியது.

"யோவ், நான் செயலாளர்யா."

"இருந்தீங்க," என்றது இசக்கி.

"சரி, இப்ப வாரேன். வாரேன்னு சொல்றேன்ல?"

"போறேன்னு சொன்னவங்கள திரும்பச் சேர்க்கக்கூடாது. மனக்கசப்போட போறவங்கதான் அப்படிச் சொல்வாங்களாம்."

மரநாய் கேட்டுக்குப் பக்கத்து மரநிழலில் நின்ற தலைவர் யானையைத் திரும்பிப் பார்த்தது. யானை தூங்கிக்கொண்டிருந்தது. தலை நன்றாகவே ஆடியது.

சித்திரை வெயில் பாறையைப் பிளந்தது. கசத்துக்கரையில் மாடத்தி சரோஜினியோடு நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"முன்ன மாதிரி இல்ல," என்றது மாடத்தி. பேச்செல்லாம் இப்போது கொஞ்சம் வந்துவிட்டது. "ஒரே கூட்டம். உள்ளூர்க்காரங்க வேற சத்தமா உறிஞ்சுதாங்க."

"அதச் சொல்லுங்க," என்றது சரோஜினி.

வேலிக்கு வெளியே, அக்கரைப் பார்வை மேடையில் ஏதோ ஒன்று வந்து நின்றது. தலையில் இரண்டு சுள்ளியைக் கொம்பு மாதிரிக் கட்டியிருந்தது. பக்கவாட்டில் அசையாமல் நின்றது. பாறையடியில் ஒரு வாளி. கூட்டம் கப்சிப்பென்று ஆனது.

"அதுதான் மிளா," என்றது குரங்கு. "தூரத்துல நிக்கிறதால சின்னதாத் தெரியுது."

செல்லி தாயை இடித்தது. "அது என்னம்மா?"

மாடத்தி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தது. நீண்ட வாலையும் மரநாய் மூஞ்சியையும் நன்றாகவே பார்த்தது.

"மிளாவாம்," என்றது. "நிமிர்ந்து பாக்குதா பாரு. ரொம்பக் கூச்சம் போல."

நீதி: இருக்கிறவருக்குத் தண்ணீர் கிடையாது, வருகிறவருக்கு உண்டு. ஆகவே எந்தக் காட்டில் பிறந்திருந்தாலும் அங்கே இருந்து தொலைக்காதீர்கள், வந்துகொண்டே இருங்கள்.